பனிச்சரிவுக்கு அடியில் ஓர் ஊர்: அறிக்கையா, சென்சாரா, சுவரா, ஆளா?

மலையடிவாரத்தில் ஐம்பது அறுபது வீடுகள். மேலே பனி சேர்ந்து நிற்பதற்கென்றே செய்துவைத்த மாதிரி ஒரு குழிவு, அதிலிருந்து ஊரைப் பார்த்து நேராக இறங்கும் ஓடைப்பள்ளம். குளிர்காலத்தில் சாலை வாரக்கணக்கில் அடைபடும், கரண்ட் போகும், போன் எடுக்காது. இப்படி ஒரு ஊருக்கு, பனிச்சரிவிலிருந்து தப்பிக்க ஏதாவது செய்துகொள்ளுங்கள் என்று கொஞ்சம் பணம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம்தான். அதை எதில் போடுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் காசு ஆளுக்குப் போக வேண்டும். ஊரிலேயே இருந்து தினமும் பனியை அளக்கிற இரண்டு மூன்று பேர், எந்த அளவு தாண்டினால் எந்த வீடு காலி என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு தாள், அந்த ராத்திரி போய்ப் படுக்க ஓர் இடம். சென்சார், சுவர், இடமாற்றம் எல்லாம் இதற்கு அப்புறம். ஏன் என்பதற்கு ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் சரிவு எப்படி நடக்கிறது என்று ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி நிறையச் சேர்வதற்கு முன்பே உதிர்ந்துவிடும், அதைவிடத் தட்டையான இடத்தில் பேசாமல் கிடக்கும். ஆபத்தான வகை என்பது பலகை மாதிரி இறுகிய ஓர் அடுக்கு, அதற்குக் கீழே சர்க்கரைபோல ஒட்டாமல் உதிரும் ஒரு பலவீனமான அடுக்கு. மேலே புதுப்பனி ஏற ஏறக் கீழடுக்கு தாங்காமல் நழுவுகிறது. 30 செ.மீ. புதுப்பனி என்றால் கேட்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். ஆனால் ஒரு கனமீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் ஒரு ஹெக்டேர் மலைச்சாய்வில் அது 300 டன் புதுச்சுமை. காற்று சேர்ந்தால் கணக்கே வேறு. மலைமுகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு வந்து மறுபக்கத்தில் கொட்டும், வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகத்தில். ஆகவே ஊரில் முழங்கால் அளவு பனி இருக்கும்போது மேலே குழிவில் ஆள் மூழ்கும் அளவு இருக்கலாம்.

சரி, அரசு அறிக்கையிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பல ஊர்களுக்கு இப்போது கையில் இருப்பது அது ஒன்றுதான். ஐரோப்பாவில் 1993 முதல் ஒரே மாதிரியான ஐந்து படி அபாய அளவுகோல் நடைமுறையில் இருக்கிறது. இந்திய இமயமலைக்குச் சண்டிகரில் இருக்கும் டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் எச்சரிக்கை தருகிறது (முன்பு மணாலியில் சாசே என்ற பெயரில் இருந்த நிறுவனம், 2020இல் இன்னொரு ஆய்வகத்தோடு சேர்ந்து இந்தப் பெயருக்கு வந்தது). இந்த அறிக்கைகளைக் குறைசொல்ல நான் வரவில்லை. வானிலை மாதிரிகள், பல இடத்து அளவீடுகள், அனுபவமுள்ள நிபுணர்கள் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை, ஊர்க்காரர் தனியாகச் செய்ய முடியாதது. இரண்டு நாள் கழித்துப் பெரிய புயல் வருகிறது என்பதை ஊரில் பனி ஆழம் அளக்கிற கோல் சொல்லாது.

சிக்கல், அறிக்கை எவ்வளவு பெரிய பரப்புக்குச் சொல்கிறது என்பதில் இருக்கிறது. 2025 பிப்ரவரி 27 மாலை உத்தராகண்டில் ஐந்து மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களுக்கு அடுத்த 24 மணிநேரத்துக்கு எச்சரிக்கை வந்தது. மறுநாள் காலை சமோலி மாவட்டத்தில் மாணா ஊருக்குப் பக்கத்தில், சாலைப் பணியாளர்கள் 54 பேர் தங்கியிருந்த கன்டெய்னர்கள் மேல் சரிவு விழுந்தது. 46 பேரைக் காப்பாற்றினார்கள், 8 பேர் இறந்தார்கள். அறிக்கை தப்பில்லை, சரியாகத்தான் சொன்னது. ஆனால் ஐந்து மாவட்டத்துக்குப் பொதுவாகச் சொன்ன ஒரு வாக்கியத்துக்கும் ‘இந்தக் கன்டெய்னரில் இன்று ராத்திரி யாரும் படுக்கக் கூடாது’ என்ற வாக்கியத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, அதை நிரப்ப அந்த இடத்திலேயே யாராவது இருந்தாக வேண்டும். இதில் இன்னொன்றையும் கவனிக்கலாம். மாணா ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் அங்கே இருப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக, பனி வருமுன் கீழே இறங்கிவிடுவார்கள். அங்கே இருந்தவர்கள் வேலைக்காக வந்தவர்கள்.

அடுத்தது கருவி. இதில்தான் பணம் தருகிறவர்களுக்கு ஆசை அதிகம், போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். இங்கே இரண்டு விஷயங்களைப் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, சரிவு வருமா என்று கணிக்க உதவும் கருவி: தானியங்கி வானிலை நிலையம், பனி ஆழம் அளக்கும் சென்சார், காற்றுமானி. இன்னொன்று, சரிவு கிளம்பிவிட்டது என்று கண்டுபிடிக்கும் கருவி: ரேடார், மனிதக் காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியைப் பிடிக்கும் இன்ஃப்ராசவுண்ட் கருவிகள். இரண்டாவது வகை சாலைக்கு அருமையானது. சுவிட்சர்லாந்தில் ரேடார் சரிவைப் பார்த்ததும் சாலையில் சிவப்பு விளக்கு தானாக விழும்படி வைத்திருக்கிறார்கள், கார் நின்றுவிடும். வீட்டுக்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். உலர்ந்த தூள்பனிச் சரிவு மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வரக்கூடியது, அதாவது நொடிக்கு 55 மீட்டர். குழிவுக்கும் ஊருக்கும் ஒன்றரை கிலோமீட்டர் என்றால் மொத்தம் அரை நிமிடம்கூட இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, வெளியே புயல், தூக்கத்தில் பிள்ளைகள். சைரன் அடித்து என்ன ஆகும்?

முதல் வகைக் கருவிகள் உண்மையிலேயே உபயோகமானவை, முக்கியமாக மேலே குழிவுக்குப் பக்கத்தில் வைத்தால், அங்கே தினமும் ஆள் போக முடியாது, போகவும் கூடாது. ஆனால் அவை கைவிடும் நேரம் எது என்று பாருங்கள். சோலார் பலகையைப் பனி மூடும் நாள், சிக்னல் போகும் நாள், காற்றுமானியில் உறைபனி பிடிக்கும் நாள்: எல்லாம் ஒரே நாள், புயல் நாள். திட்டம் முடிந்து மூன்றாவது வருஷம் பேட்டரி மாற்ற யார் வருவார்கள் என்ற கேள்வி வேறு. கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. கருவி நின்றாலும் கையில் அளவு எழுதுகிற ஆள் இருக்கிற ஊரில்தான் கருவி வைக்க வேண்டும் என்கிறேன்.

வெடி வைத்துச் சரிவை முன்கூட்டியே இறக்குவது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆளில்லாத நெடுஞ்சாலைக்கும் பனிச்சறுக்கு மையத்துக்கும் சரி. கீழே வீடுகள் இருக்கும்போது, எவ்வளவு இறங்கும் என்று நிச்சயமில்லாத ஒன்றை நாமே தட்டி எழுப்புவது அந்த வீடுகளுக்கு ஆகாது.

கட்டுமானங்கள். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நிரந்தரமாக உயிர்காப்பது இவைதான், நான் ஆளுக்கு முதலிடம் கொடுப்பதால் இவற்றைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சரிவு கிளம்பும் இடத்திலேயே வரிசை வரிசையாக எஃகுத் தடுப்புகளை நட்டு, பனியை நகரவிடாமல் பிடித்துவைப்பது ஒரு வழி. கீழே மண்மேடு, கல்மேடு எழுப்பி வருகிற சரிவைத் திருப்பிவிடுவது அல்லது நிறுத்துவது இன்னொரு வழி. 1950-51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் செத்த பிறகுதான் அங்கே தடுப்பு வேலை பெரிய அளவில் வேகம் பிடித்தது. ஆனால் எஃகுத் தடுப்புக்கு ஹெக்டேருக்குச் சுமார் பத்து லட்சம் சுவிஸ் ஃபிராங்க் ஆகிறது. ஐம்பது வீட்டு ஊருக்கு மேலே இருபது ஹெக்டேர் குழிவு இருந்தால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். சாலையே இல்லாத இடத்துக்கு எஃகைக் கொண்டுபோவதும் ஹெலிகாப்டரில்தான்.

சுவர் கட்டிவிட்டால் நிம்மதி என்பதும் முழு உண்மை இல்லை. ஐஸ்லாந்தின் ஃப்ளேட்டிரியில் 1995 அக்டோபரில் ஒரு சரிவு 20 பேரைக் கொன்றது. இடிந்த வீடுகளில் பெரும்பாலானவை அன்றைய வரைபடத்தில் அபாயப் பகுதிக்கு வெளியே இருந்தவை. அதற்கப்புறம் ஊருக்கு மேலே இரண்டு பெரிய திசைதிருப்பு அணைகள் கட்டினார்கள். 2020 ஜனவரியில் இரண்டு சரிவுகள் அந்த அணைகளில் மோதின. பெரும்பகுதி திரும்பிப் போனது, ஆனால் ஒரு பகுதி அணையைத் தாண்டிக் குதித்து ஒரு வீட்டுக்குள் புகுந்தது (உள்ளே புதைந்த பதின்வயதுப் பெண்ணை உயிரோடு மீட்டார்கள்), திரும்பிப்போன பனி துறைமுகத்துப் படகுகளை நொறுக்கியது. அணை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வேண்டாம். ஆக அணை வேலை செய்தது, ஆனால் அணைக்குப் பின்னாலும் பனியைக் கவனிக்க ஆள் வேண்டியிருக்கிறது.

கட்டுமானத்தில் மலிவானது ஒன்று உண்டு, காடு. சரிவு கிளம்பும் இடத்தில் அடர்த்தியாக மரம் நின்றால் பனி ஒரே பலகையாக இறுக முடியாது. சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்கு மேலே இருந்த காட்டில் யாரும் மரம் வெட்டக் கூடாது என்று 1397இலேயே எழுதிவைத்துவிட்டார்கள். கோட்பாடு தெரியாமல் அனுபவத்தில் கண்டது. ஆனால் இரண்டு நிபந்தனை: மரம் வளரும் உயரத்துக்குக் கீழே சரிவு கிளம்புவதாக இருக்க வேண்டும், நாற்பது ஐம்பது வருஷம் காத்திருக்க வேண்டும். மேலே உயரத்திலிருந்து முழு வேகத்தில் வரும் சரிவு காட்டையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும். ஆகவே இருக்கிற காட்டை வெட்டாதீர்கள், அது இன்றே, இலவசமாகச் செய்யக்கூடியது. புதிதாக நடுவது பேரன் காலத்துக்கு.

இடம் மாறுவது. பேச எளிது. ஐஸ்லாந்தின் சூடாவிக்கில் 1995 ஜனவரி 16 அதிகாலையில் 14 பேர் இறந்தார்கள், சாலை அடைபட்டுக் கிடந்ததால் உதவி கடல்வழியாக வர வேண்டியிருந்தது. பிறகு ஊரையே கொஞ்ச தூரம் தள்ளி, சரிவு எட்டாத இடத்தில் கட்டினார்கள். பழைய வீடுகளில் கோடையில் மட்டும் தங்கலாம், குளிர்காலத்தில் இருக்கக் கூடாது. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அபாயம் பருவத்துக்கு உரியது என்பதை அது மறக்கவில்லை. மாணா ஊர்க்காரர் பழக்கத்தால் செய்வதை இவர்கள் சட்டத்தால் செய்கிறார்கள். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு நாட்டின் கஜானா இருந்தது. மலைப்பள்ளத்தாக்குகள் பலவற்றில் தட்டையான இடமே குறைவு. இருப்பதில் பாதி விளைநிலம், மீதி ஆறு பெருகினால் மூழ்கும் இடம். ஒரு ஆபத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோவதாக முடியலாம்.

ஊர் முழுக்க மாற முடியாவிட்டாலும் ஒரு கட்டடத்தை மாற்றலாம், இதைப் பலர் யோசிப்பதில்லை. கனடாவின் வடக்கே காங்கிக்சுவாலுயுவாக் என்ற இனுயிட் பழங்குடியினர் ஊரில், 1999 புத்தாண்டு ராத்திரி ஊரே பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூடியிருந்தபோது பின்னாலிருந்த குன்றிலிருந்து சரிவு வந்து சுவரை உடைத்தது. 9 பேர் இறந்தார்கள். பெரிய மலைகூட இல்லை, குன்றுதான். பள்ளி, கூடம், மருத்துவ நிலையம், வழிபாட்டு இடம் என்று ஊர் கூடும் இடம் எதுவோ அதுதான் முதலில் பாதுகாப்பான பக்கத்துக்குப் போக வேண்டும், புயல் ராத்திரியில் மற்றவர்கள் அங்கேதான் வந்து ஒதுங்கப்போகிறார்கள்.

இப்போது ஆளுக்கு வருகிறேன். தஜிகிஸ்தானின் பாமிர் மலைகள், ஆப்கானிஸ்தானின் படக்ஷான், பாகிஸ்தானின் வடபகுதி ஆகிய இடங்களில் ஆகா கான் ஏஜென்சி ஃபார் ஹாபிடாட் என்ற அமைப்பு இந்த முறையை நடத்துகிறது: ஊர்க்காரர்களே தினமும் பனி ஆழம், வெப்பநிலை எல்லாம் குறித்து அனுப்புகிறார்கள், பயிற்சி பெற்ற தன்னார்வலர் குழு ஊரிலேயே இருக்கிறது. பணக்கார நாடுகளும் ஆளை விட்டுவிடவில்லை. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் இன்றும் உள்ளூர்க் கவனிப்பாளர்களை நம்பித்தான் இருக்கிறது, ஐஸ்லாந்து வானிலைத் துறை ஆபத்தான ஊர்களில் பனி பார்க்க ஆள் வைத்திருக்கிறது.

சாமான்கள் சொற்பம். அளவு குறித்த ஒரு கோல். வெள்ளை பெயிண்ட் அடித்த ஒரு சதுரப் பலகை, தினமும் காலையில் அதன் மேல் சேர்ந்த பனியை அளந்துவிட்டுத் துடைத்து மறுபடி வைத்துவிட வேண்டும். தெர்மாமீட்டர், காற்றின் திசைக்கு ஒரு துணிக்கொடி, நோட்டு, பென்சில் (பேனா மை உறைந்துவிடும்). ஒரு ரேடியோ. இதில் மிக முக்கியமான எண், மூன்று நாள் புதுப்பனியின் கூட்டுத்தொகை. ஆல்ப்ஸ் பகுதியில் இது ஒரு மீட்டரைத் தாண்டினால் பள்ளத்தாக்கு வரை வரும் பெரிய சரிவுகளை எதிர்பார்க்க ஆரம்பிப்பார்கள். ஆனால் இந்த எண்ணை அப்படியே நகலெடுக்கக் கூடாது. பாமிர், லடாக் மாதிரி உலர்ந்த, கடும்குளிர் மலைகளில் பனிப்படலம் மெல்லியது, அடியில் சர்க்கரைப்பனி குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கும், அங்கே அதைவிடக் குறைவே போதும். அதனால்தான் ஊரின் சொந்த நோட்டு வேண்டும். ஐந்து குளிர்காலம் எழுதினாலே, எந்த எண்ணுக்கு எந்தப் பள்ளம் இறங்கியது என்று ஒரு பிடி கிடைக்கும்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இந்த யானைக்கும் மணி உண்டு: நடக்கும்போது காலடியில் ‘தொம்’ என்று பனி அமுங்கும் ஒலி, ஓடும் விரிசல், எதிர்மலையில், நம் குழிவு பார்க்கும் அதே திசை பார்த்த சாய்வில் புதிதாக இறங்கிய பனி, நல்ல குளிருக்குப் பின் திடீரென்று ஏறும் வெப்பம், பனி மேல் மழை. பாமிரில் ரேடார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எதிர்மலையைத் தினமும் பார்ப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஊர் நினைவு என்பது மூன்று தலைமுறை. நூறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் சரிவு எந்தத் தாத்தாவுக்கும் தெரியாது. ஃப்ளேட்டிரி சொன்னது அதைத்தான். ஆஸ்திரியாவின் கால்டூரில் 1999 பிப்ரவரியில் 31 பேரைக் கொன்ற சரிவும், பாதுகாப்பானது என்று வரைபடத்தில் குறித்த இடங்கள் வரை வந்தது. ஆகவே பெரியவர்களிடம் கேட்டு வரைந்த வரைபடத்தை மட்டும் வைத்து வீடு கட்டக் கூடாது, நில அமைப்பை வைத்துச் சரிவு அதிகபட்சம் எதுவரை ஓடும் என்று கணக்கிட ஒரே ஒரு முறையாவது வெளி நிபுணர் வர வேண்டும். அந்தச் செலவு நியாயமானது. கணிப்பே தவறுவதும் உண்டு. நார்வேயின் வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள லாங்கியர்பியன் ஊரில் 2015 டிசம்பரில் ஒரு சரிவு இரண்டு பேரைக் கொன்றது. அதற்கப்புறம் அங்கே கணிப்பு முறை வந்தது, அப்படியும் 2017இல் காலிசெய்யாத வீடுகள் மேல் இன்னொரு சரிவு விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை, அதிர்ஷ்டம்.

இதைவிடப் பெரிய குறை மனிதர்களுடையது. அளக்கிற பையன் ‘இன்னைக்கு ராத்திரி எல்லாரும் கிளம்பணும்’ என்கிறான். போகிறார்கள், ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. மூன்றாவது தடவை ‘புலி வருது’ கதைதான். அந்தப் பையனும் அடுத்தமுறை சொல்லத் தயங்குவான், கல்யாண வீடு இருந்தால் இன்னும் தயங்குவான். இதற்குத்தான் அந்தத் தாள். இலையுதிர் காலத்தில், பனி விழுமுன், யாருக்கும் அவசரமில்லாதபோது ஊர் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்: இந்த எண் தாண்டினால் மேற்கு வரிசை ஏழு வீடு, அந்த எண் தாண்டினால் ஓடையோரம் முழுக்க. ஐஸ்லாந்தில் இப்படித்தான், ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து எந்தக் கட்டத்தில் எந்தப் பகுதி காலி என்று முன்பே வரைந்து வைத்திருக்கிறார்கள். அப்போது ராத்திரியில் முடிவெடுப்பது பையன் இல்லை, எண். அவன் வெறுமனே படித்துச் சொல்கிறான். ஒன்றும் வராத ராத்திரிக்கு அவன் மேல் பழி வராது. கவனிப்பாளருக்கு ஒரு சிறு சம்பளமும் வேண்டும். ‘ஊருக்குச் சேவை’ என்று மூன்றாவது குளிர்காலம் வரை யாரும் காலை ஆறு மணிக்கு எழுந்து பலகை துடைக்க மாட்டார்கள்.

மண்வெட்டி, புதைந்தவரைத் தேடப் பனியில் குத்திப்பார்க்கும் நீள ஊசிக்கம்பு, முதலுதவிப் பயிற்சி ஆகியவையும் இந்தப் பணத்திலேயே அடங்கும். திறந்த வெளியில் புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரைமணி தாண்டினால் மூன்றில் ஒருவர். வீட்டுக்குள் காற்று தங்கிய இடைவெளி இருந்தால் கூடுதல் நேரம் கிடைக்கும், சூடாவிக்கில் ஒரு சிறுவனை ஏறத்தாழ ஒரு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள். எப்படியும் ஹெலிகாப்டர் புயலில் வராது, தோண்டப்போவது பக்கத்து வீட்டுக்காரர்.

ஆக, பணம் குறைவென்றால் ஆள், தாள், மண்வெட்டி, ஒதுங்குமிடம், அரசு அறிக்கையை ரேடியோவில் வாங்க ஓர் ஏற்பாடு. கொஞ்சம் கூடினால் நிபுணர் வரைபடம், அதன்படி பள்ளியையோ கூடத்தையோ நகர்த்துவது, மேலே ஒரு வானிலை நிலையம். பெரிய பணம் வந்தால், ஒரே பள்ளம் மட்டும் ஊரைத் தாக்குகிறது என்றால் அணை. நான்கு பள்ளம் தாக்குகிறது என்றால் அணைக்கணக்கு கட்டாது, குளிர்கால இடமாற்றத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.

எல்லாத் திட்டத்திலும் விட்டுப்போகிற ஒன்று, திரும்பி வருவது. காலிசெய்யச் சொன்ன எண் இருக்கிற மாதிரி, திரும்பச் சொல்லவும் ஓர் எண்ணும் ஒரு பெயரும் தாளில் இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டாம் நாள் காலை வானம் வெளுத்ததும் ஆண்கள் மேலே கிளம்பிவிடுவார்கள், கொட்டிலில் மாடு பசியில் கத்தும். அவர்களைத் திட்டிப் பயனில்லை. பனிக்காலம் தொடங்குமுன் கீழே பாதுகாப்பான பக்கத்தில் ஒரு பொதுக் கொட்டிலும் மூன்று நாள் தீவனமும் வைத்துவிட்டால் போகத் தேவையிருக்காது. அந்தக் கொட்டிலின் செலவையும் பட்ஜெட்டில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.